மிதிவண்டிக் கடையிலிருந்து வானுக்கு

விமானத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்று கேட்டால், ரைட் சகோதரர்கள் என்று சிறு பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் கிட்டி ஹாக் பகுதியில் வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் இயந்திரம் பொருத்திய விமானத்தில் பறந்து காட்டினார்கள். அன்று அதனை நேரில் கண்டவர்கள் ஐந்தே பேர். ஐந்து பேர் மட்டும் பார்த்த அந்த அதிசயம், தபால் சுமந்து செல்லவும் கடல் கடந்து பறக்கவும் பயன்படும் ஒரு தொழிலாக வளர்வதற்கு இன்னும் பலருடைய உழைப்பு தேவைப்பட்டது. அவர்களுள் முன்னணியில் நின்றவர் கிளென் கர்ட்டிஸ். எட்டாம் வகுப்புடன் பள்ளியைவிட்ட ஒரு மிதிவண்டிக் கடைக்காரர், அமெரிக்காவின் மிகப் பெரிய விமான நிறுவனங்களுள் ஒன்றை உருவாக்கிய வரலாறு இது.

இளமைப் பருவம்

கிளென் கர்ட்டிஸ் 1878ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஹேமண்ட்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். கியூக்கா ஏரியின் தென்கரையில் மலைகள் சூழ அமைந்த ஊர் அது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. கர்ட்டிசுக்கு ஐந்து வயது நிறைவதற்கு முன்பே அவருடைய தந்தை காலமானார். தாயும் பாட்டியும் அவரையும் அவருடைய தங்கை ருத்தாவையும் வளர்த்தார்கள்.

ருத்தா சிறு வயதில் கடுமையான காய்ச்சலால் பாதிக்கப்பட்டுச் செவித்திறனை இழந்தாள். காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று ரோச்செஸ்டர் நகரில் இருந்தது. மகளை அங்குப் படிக்க வைப்பதற்காகத் தாயார் குடும்பத்துடன் அந்நகருக்குக் குடிபெயர்ந்தார். தங்கையோடு தடையின்றிப் பேச வேண்டும் என்பதற்காகக் கர்ட்டிஸ் உதட்டசைவைக் கொண்டே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகினார். அதிகம் பேசாமல், எதனையும் கூர்ந்து கவனிக்கும் இயல்பு அவரிடம் கடைசிவரை இருந்தது.

குடும்பத்தின் வருமானம் போதவில்லை. ஆகவே, எட்டாம் வகுப்பு முடிந்ததும் கர்ட்டிஸ் வேலைக்குச் சென்றார். புகைப்படச் சுருள் தயாரிக்கும் ஈஸ்ட்மன் நிறுவனத்தில் சிறிது காலம் பணியாற்றினார். சுருளின் பின்புறத் தாளில் எண்களைக் கையால் இடும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த வேலையை விரைவாக முடிக்க உதவும் ஒரு கருவியை அவரே செய்துகொண்டார். அதன்பின், தந்தி அலுவலகத்தில் சேர்ந்து மிதிவண்டியில் சென்று தந்திகளைக் கொடுக்கும் பையன் ஆனார். வேகத்தின் மீது அவருக்கு ஏற்பட்ட ஆர்வம் அந்த மிதிவண்டியில்தான் தொடங்கியது.

தக்காளி டின்னும் மோட்டார் சைக்கிளும்

1898ஆம் ஆண்டு கர்ட்டிஸ் லீனா என்ற பெண்ணை மணந்தார். சொந்த ஊரான ஹேமண்ட்ஸ்போர்ட்டில் மிதிவண்டிகளை விற்பதும் பழுதுபார்ப்பதும் அவருடைய தொழிலாயின. மிதிவண்டிப் போட்டிகளிலும் அவர் பல வெற்றிகளைப் பெற்றார்.

மிதிக்காமலே ஓடும் வண்டி ஒன்றைச் செய்துபார்த்தால் என்ன என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அஞ்சல்வழி ஓர் இயந்திரத்தின் பாகங்களை வரவழைத்தார். அவற்றை எப்படிப் பொருத்துவது என்று கற்றுத்தர அவ்வூரில் யாரும் இல்லை. எரிபொருளைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்குள் அனுப்பும் கருவியும் அவரிடம் இல்லை. அதனால், ஒரு காலித் தக்காளி டின்னைக் கொண்டே அவர் அக்கருவியை உருவாக்கினார். அந்த வண்டி நன்றாக ஓடியது என்று சொல்ல முடியாது. ஆனால், எங்கெங்கே குறை இருக்கிறது என்பதை அது அவருக்குக் காட்டிக்கொடுத்தது. வாங்கிய இயந்திரங்கள் அவருக்குத் திருப்தி அளிக்காததால், சொந்தமாக இயந்திரங்களை வடிவமைக்கத் தொடங்கினார். குறைந்த எடையும் அதிக ஆற்றலும் கொண்ட இயந்திரம் என்பதே அவருடைய இலக்கு.

அவர் தயாரித்த மோட்டார் சைக்கிள்கள் விரைவில் பெயர் பெற்றன. 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம், ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்மண்ட் கடற்கரையில் எட்டு உருளைகள் கொண்ட தமது இயந்திரத்தை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்தி அவர் ஓட்டினார். ஒரு மைல் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டரை, 26.4 விநாடிகளில் கடந்தார். அது மணிக்குச் சுமார் 219 கிலோமீட்டர் வேகம். பூமியிலேயே மிக வேகமான மனிதர் என்று செய்தித்தாள்கள் அவரைப் பாராட்டின. அப்போது அவருக்கு வயது 28.

அவருடைய இயந்திரங்களைத் தேடி வேறொரு கூட்டத்தினரும் வரத் தொடங்கினர். அவர்கள் வானில் பறக்க விரும்பியவர்கள். தாமஸ் பால்ட்வின் என்பவர் தமது ஆகாயக் கப்பலுக்கு மோட்டார் சைக்கிளின் எடை குறைந்த இயந்திரமே பொருத்தமானது என்று உணர்ந்து, கர்ட்டிசிடம் இயந்திரம் வாங்கினார். 1906ஆம் ஆண்டு பால்ட்வினுக்கு உதவச் சென்ற இடத்தில் கர்ட்டிஸ் ரைட் சகோதரர்களைச் சந்தித்தார். மிதிவண்டிக் கடை நடத்தி முன்னுக்கு வந்த மூவரும் இயந்திரங்களைப் பற்றி நட்புடன் பேசினார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சந்திப்பே ஒரு வழக்கில் பேசப்படும் என்று அன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

ஐவர் குழு

தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் அக்காலத்தில் பறக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். தமது ஆராய்ச்சிக்குச் சிறந்த இயந்திரம் தேவை என்பதால் அவர் கர்ட்டிசை நாடினார். 1907ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பெல்லின் தலைமையில் ஐவர் சேர்ந்து வான் ஆராய்ச்சிக் குழு ஒன்றைத் தொடங்கினர். பொறியியல் படித்த கேசி பால்ட்வின், மெக்கர்டி என்ற இரு கனடிய இளைஞர்கள், அமெரிக்க இராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃபிரிட்ஜ், கர்ட்டிஸ் ஆகியோர் மற்ற நால்வர். குழுவுக்குத் தேவையான பணத்தைக் கொடுத்தவர் பெல்லின் மனைவி மேபல். அவரும் ருத்தாவைப் போலவே சிறு வயதில் செவித்திறனை இழந்தவர்.

அக்குழுவில் பட்டம் பெறாதவர் கர்ட்டிஸ். ஆயினும், இயந்திரங்களைப் பற்றி அவருக்கு இருந்த அறிவை மற்றவர்கள் மதித்தனர். ஒருவர் வடிவமைக்க, மற்றவர்கள் உதவ, முறைவைத்து விமானங்களைச் செய்வது என்று ஐவரும் முடிவு செய்தனர்.

1908ஆம் ஆண்டு மார்ச் மாதம், உறைந்துபோன கியூக்கா ஏரியின் பனிக்கட்டி மீதிருந்து அவர்களுடைய முதல் விமானம் கிளம்பியது. ஏறத்தாழ 97 மீட்டர் தூரமே அது பறந்தது. அடுத்த விமானத்தில் சக்கரங்கள் பொருத்தினர். சிறகுகளின் நுனியில், மேலும் கீழும் அசையக்கூடிய சிறு தகடுகளையும் சேர்த்தனர். விமானம் ஒரு பக்கமாகச் சாயும்போது அதனை நிமிர்த்துவதற்கு அந்தத் தகடுகள் உதவின. ரைட் சகோதரர்கள் இதே வேலைக்குச் சிறகு முழுவதையும் முறுக்கும் முறையைக் கையாண்டிருந்தனர். இன்று நாம் பயணம் செய்யும் விமானங்களின் சிறகுகளிலும் அசையும் தகடுகளைக் காணலாம். பின்னாளில் மூண்ட பெரிய சண்டைக்கும் இந்தத் தகடுகளே காரணமாயின.

ஜூன் வண்டு

மூன்றாவது விமானத்தை வடிவமைக்கும் முறை கர்ட்டிசுக்கு வந்தது. அதற்கு ஒரு வண்டின் பெயரைச் சூட்டினார் பெல். ஜூன் மாதத்தில் பறந்து திரியும் அந்த வண்டை அமெரிக்கர்கள் ஜூன் பக் என்பார்கள். மக்கள் முன்னிலையில் ஒரு கிலோமீட்டர் தூரம் நேராகப் பறக்கும் முதல் விமானத்துக்கு ஓர் அறிவியல் இதழ் வெள்ளிக் கோப்பை ஒன்றை அறிவித்திருந்தது. அக்கோப்பைக்கு முயல்வது என்று குழுவினர் துணிந்தனர்.

1908ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் சுதந்திர தினம். முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்ததால் மக்கள் திரளாக வந்தனர். நடுவர்களும் செய்தியாளர்களும் காத்திருந்தனர். காலையில் வானிலை சரியாக இல்லை. பறக்க முடியாமல் நேரம் சென்றுகொண்டே இருந்தது. மாலையில் காற்று ஓய்ந்ததும் கர்ட்டிஸ் விமானத்தில் ஏறி அமர்ந்தார். முதல் முயற்சியில் விமானம் எல்லையைத் தொடுவதற்கு முன்பே தரையிறங்கிவிட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. விமானத்தைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் கிளப்பினார். இம்முறை ஒரு கிலோமீட்டர் எல்லையைத் தாண்டி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து இறங்கினார். அவர் வானில் இருந்த நேரம் 1 நிமிடம் 42 விநாடிகள்.

ரைட் சகோதரர்கள் அதற்கு முன்பே அதனைவிட நெடுந்தூரம் பறந்திருந்தார்கள். ஆனால், தங்கள் நுட்பம் வெளியே தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக அவர்கள் பொதுமக்கள் முன் பறப்பதைத் தவிர்த்துவந்தார்கள். கர்ட்டிசோ ஊரைக் கூட்டிவைத்து, தோற்றாலும் எல்லார் முன்பும் தோற்கத் தயாராகப் பறந்தார். மனிதன் பறக்க முடியும் என்பதை அமெரிக்க மக்கள் பலர் அன்றுதான் கண்ணால் கண்டு நம்பினார்கள்.

அந்த மகிழ்ச்சி நீண்ட நாள் நீடிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் மாதம், ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் பயணியாகச் சென்ற செல்ஃபிரிட்ஜ், விமானம் விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார். ஐவர் குழு 1909ஆம் ஆண்டு மார்ச் மாதத்துடன் கலைந்தது.

வெற்றியும் வழக்கும்

1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் முதல் அனைத்துலக விமானப் போட்டி நடந்தது. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்து புகழின் உச்சியில் இருந்த லூயி பிளேரியோவும் அதில் கலந்துகொண்டார். அமெரிக்காவிலிருந்து சென்ற கர்ட்டிசிடம் ஒரே ஒரு விமானம் இருந்தது. அது உடைந்துவிட்டால் மாற்று விமானம் கிடையாது. 20 கிலோமீட்டர் தூரத்தை அவர் 15 நிமிடம் 50 விநாடிகளில் முடித்தார். பிளேரியோ அவரைவிட ஏறத்தாழ 6 விநாடிகள் பின்தங்கினார். கர்ட்டிஸ் கோப்பையை வென்றார்.

அவர் வெளிநாட்டில் வெற்றி பெற்ற அதே மாதத்தில், தாய்நாட்டில் ரைட் சகோதரர்கள் அவர் மீது வழக்குத் தொடுத்தார்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சமநிலைப்படுத்தும் முறைக்குத் தாங்கள் காப்புரிமை பெற்றிருப்பதாகவும், கர்ட்டிசின் தகடுகள் அந்த உரிமையை மீறுவதாகவும் அவர்கள் வாதிட்டார்கள். தகடுகள் முற்றிலும் வேறானவை என்பது கர்ட்டிசின் வாதம்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்டறிந்த ஒன்றை மற்றவர்கள் விலை கொடுக்காமல் பயன்படுத்தினால் கண்டுபிடித்தவருக்கு வலிக்கத்தான் செய்யும். அதே வேளையில், வானில் சமநிலையோடு பறக்கும் எல்லா வழிகளும் ஒருவருக்கே சொந்தம் என்றால் புதிய முயற்சிகள் முடங்கிவிடும். எது சரி என்பதைத் தீர்மானிக்க நீதிமன்றத்துக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. 1912ஆம் ஆண்டு வில்பர் ரைட் நச்சுக் காய்ச்சலால் 45 வயதில் இறந்தார். வழக்கு கொடுத்த மன உளைச்சலே அவருடைய உடல்நலத்தைக் கெடுத்தது என்று அவருடைய குடும்பத்தினர் வருந்தினர். 1914ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரைட் தரப்புக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

கர்ட்டிசுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆகஸ்டஸ் ஹெரிங் என்பவருடன் கூட்டாக அவர் 1909ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். தம்மிடம் பல காப்புரிமைகள் இருப்பதாக ஹெரிங் நம்பவைத்திருந்தார். அவை வெறும் வாய்ப்பேச்சு என்பது பிறகு தெரியவந்தது. நிறுவனம் நொடித்துப்போனது. கர்ட்டிஸ் தம் சொந்தத் தொழிற்சாலையை ஏலத்தில் மீட்க வேண்டியதாயிற்று. கூட்டாளியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டத் தவறிய கவனத்துக்கு அவர் தம் வாழ்நாள் முழுவதும் விலை கொடுத்தார்.

ஆற்றின் வழியே ஒரு பயணம்

இத்தனை தொல்லைகளுக்கு நடுவிலும் கர்ட்டிஸ் பறப்பதை நிறுத்தவில்லை. ஆல்பனி நகரிலிருந்து நியூயார்க் நகருக்கு ஹட்சன் ஆற்றின் வழியே பறப்பவருக்கு 10,000 டாலர் பரிசு வழங்கப்படும் என்று ஒரு நாளிதழ் அறிவித்தது. சுமார் 240 கிலோமீட்டர் தூரம். இடையில் பாதுகாப்பாக இறங்குவதற்கு ஏற்ற இடங்கள் மிகச் சில. ஆற்றில் விழ நேர்ந்தால் மிதப்பதற்காக விமானத்தின் அடியில் மிதவைகளைக் கட்டிக்கொண்டார்.

காற்றுக்காகப் பல நாள் காத்திருந்தபின், 1910ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் காலையில் அவர் புறப்பட்டார். ஆற்றங்கரை இருப்புப்பாதையில் ஒரு சிறப்பு இரயில் அவரைப் பின்தொடர்ந்தது. அதில் லீனாவும் இருந்தார். மலைகளுக்கு இடையே ஆறு குறுகிச் செல்லும் இடத்தில் பலத்த காற்று விமானத்தைக் கீழே தள்ளியது. கர்ட்டிஸ் இருக்கையிலிருந்து தூக்கியெறியப்படும் நிலைக்கு ஆளானார். ஆயினும், நிதானத்தை இழக்காமல் விமானத்தை மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார். வழியில் எரிபொருள் நிரப்பவும் எண்ணெய் ஊற்றவும் இருமுறை இறங்கி, இறுதியில் நியூயார்க் துறைமுகத்தில் உள்ள கவர்னர்ஸ் தீவில் தரையிறங்கினார். வானில் அவர் செலவிட்ட நேரம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. விமானம் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்லப் பயன்படும் வாகனம் என்பது அன்று உறுதியாயிற்று.

நீரில் இறங்கும் விமானம்

அந்தப் பயணம் கர்ட்டிசின் மனத்தில் ஒரு கேள்வியை எழுப்பியது. தரையில் விமானம் இறங்க நல்ல இடம் கிடைப்பது அரிது. ஆனால், ஏரிகளும் ஆறுகளும் கடலும் பரந்து கிடக்கின்றன. அவற்றையே ஓடுபாதையாக்கினால் என்ன?

பிரான்சு நாட்டின் ஆன்ரி ஃபாபர் 1910ஆம் ஆண்டே நீரிலிருந்து விமானத்தைக் கிளப்பியிருந்தார். ஆயினும், எளிதில் ஏறி இறங்கக்கூடிய, அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்த நீர்விமானம் அப்போது இல்லை. கர்ட்டிஸ் சான் டியாகோ கடற்கரையில் மிதவைகளை மாற்றி மாற்றிச் சோதித்தார். ஒரு வடிவம் நீரில் மூழ்கும். இன்னொன்று நீரைவிட்டு எழும்ப மறுக்கும். பல தோல்விகளுக்குப் பிறகு, 1911ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அவருடைய விமானம் நீரைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்தது. அடுத்த மாதம் அவர் போர்க்கப்பல் ஒன்றின் அருகே நீரில் இறங்கினார். கப்பலின் பாரந்தூக்கி விமானத்தைக் கப்பலுக்குத் தூக்கியது. பின்னர் மீண்டும் நீரில் இறக்கிவிட, அவர் கரைக்குப் பறந்து திரும்பினார். அதே காலகட்டத்தில் அவருடைய விமானி யூஜின் ஈலி, போர்க்கப்பலில் அமைத்த மேடையில் விமானத்தை இறக்கிக் காட்டியிருந்தார். அமெரிக்கக் கடற்படை தன் முதல் விமானத்தைக் கர்ட்டிசிடமே வாங்கியது.

கர்ட்டிஸ் விமானங்களை விற்றதோடு நிற்கவில்லை. அவற்றை ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளையும் நடத்தினார். கடற்படை அதிகாரிகளுக்கு அவரே பயிற்சி அளித்தார். சான் டியாகோ பள்ளியில் 1912ஆம் ஆண்டு பயின்ற மாணவர்களுள் ஜப்பானியர்களும் இந்தியாவைச் சேர்ந்த மோகன் சிங் என்பவரும் இருந்தனர். அமெரிக்காவில் விமானிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது, முதல் எண் கர்ட்டிசுக்குக் கிடைத்தது. முதன்முதலில் பறந்தவர்களுக்கு ஆங்கில அகர வரிசைப்படி எண் கொடுத்ததே அதற்குக் காரணம்.

அழியாத ஒரு கறை

பெரியவர்களின் வாழ்விலும் தவறுகள் உண்டு. வழக்கில் தோற்ற ஆண்டிலேயே கர்ட்டிஸ் ஒரு தவறான காரியத்தில் பங்கெடுத்தார். சாமுவேல் லாங்லி என்ற அறிஞரின் விமானம், ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு பறக்க முயன்று ஆற்றில் விழுந்திருந்தது. அந்தப் பழைய விமானத்தை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1914ஆம் ஆண்டு கர்ட்டிசிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. அது பறக்கவல்லது என்று நிரூபித்தால், ரைட் சகோதரர்களின் காப்புரிமையை வலுவிழக்கச் செய்யலாம் என்பது கர்ட்டிஸ் தரப்பின் எண்ணம். அதில் பல மாற்றங்களைச் செய்து, ஏரியின் மேல் சிறிது தூரம் பறக்க வைத்தார்கள். ஆனால், அம்மாற்றங்களை வெளிப்படையாகக் கூறாமல், 1903ஆம் ஆண்டிலேயே பறக்கக்கூடியதாக இருந்த விமானம் என்று அந்த நிறுவனம் அதனைக் காட்சிக்கு வைத்தது.

மனம் புண்பட்ட ஆர்வில் ரைட், தங்கள் முதல் விமானத்தை 1928ஆம் ஆண்டு இலண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1942ஆம் ஆண்டில்தான் தன் தவற்றை ஒப்புக்கொண்டது. அந்த விமானம் 1948ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பியபோது ஆர்வில் உயிருடன் இல்லை. சொந்தத் திறமையால் எத்தனையோ சாதித்த கர்ட்டிஸ், பிறர் பெருமையைக் குறைக்கும் இம்முயற்சியில் ஈடுபட்டிருக்கத் தேவையில்லை.

வளர்ந்த தொழிற்சாலை

முதல் உலகப் போர் மூண்டதும் விமானங்களின் தேவை பெருகியது. பஃபலோ நகரில் கர்ட்டிசின் பெரிய தொழிற்சாலை எழுந்தது. அங்கு ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். அவர்கள் தயாரித்தவற்றுள் ஜே.என். வகைப் பயிற்சி விமானம் மிகவும் புகழ்பெற்றது. மக்கள் அதனை ஜென்னி என்று செல்லமாக அழைத்தனர். 6,000க்கும் மேற்பட்ட ஜென்னி விமானங்கள் தயாரிக்கப்பட்டன. அக்கால அமெரிக்க விமானிகளுள் பெரும்பாலோர் அதில்தான் பறக்கக் கற்றுக்கொண்டனர். 1918ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் வழக்கமான வான்வழி அஞ்சல் சேவையைத் தொடங்கி வைத்ததும் ஜென்னியே. போருக்குப் பிறகு மலிவு விலைக்கு விற்கப்பட்ட ஜென்னிகளில் விமானிகள் ஊர் ஊராகச் சென்று சாகசம் காட்டினர்.

போர் இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது. வழக்குகளால் விமான உற்பத்தி தடைபடுவதை அரசாங்கம் விரும்பவில்லை. அதன் முயற்சியால் 1917ஆம் ஆண்டு விமான நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து, உரிய கட்டணம் செலுத்தி எல்லாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எட்டு ஆண்டுகளாகத் தீராத பிரச்சினை அத்துடன் ஓய்ந்தது.

அட்லாண்டிக் பெருங்கடலைப் பறந்து கடக்க வேண்டும் என்பது கர்ட்டிசின் நெடுநாள் கனவு. 1914ஆம் ஆண்டு அதற்கென அவர் செய்த பெரிய பறக்கும் படகு, போர் மூண்டதால் புறப்படவே இல்லை. 1919ஆம் ஆண்டு மே மாதம், கடற்படையும் கர்ட்டிஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய மூன்று பறக்கும் படகுகள் அந்தப் பயணத்தைத் தொடங்கின. இரண்டு படகுகள் மூடுபனியால் நடுக்கடலில் இறங்கித் தொடர முடியாமல் போயின. என்.சி.-4 என்ற படகு மட்டும் அசோர்ஸ் தீவுகளில் தங்கி, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரை அடைந்தது. அட்லாண்டிக் பெருங்கடலை வான்வழி கடந்த முதல் விமானம் அதுவே.

இறுதிக் காலம்

1920ஆம் ஆண்டுவாக்கில் நிறுவனத்தின் நிர்வாகம் முதலீட்டாளர்களின் கைக்கு மாறியது. கர்ட்டிஸ் ஃபுளோரிடாவுக்குச் சென்று, மயாமி நகருக்கு அருகே புதிய குடியிருப்பு நகரங்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். ஹயலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஓபாலோக்கா ஆகிய ஊர்கள் அவ்வாறு தோன்றியவை.

1929ஆம் ஆண்டு ஓர் எதிர்பாராத நிகழ்ச்சி நடந்தது. ரைட் பெயரில் இயங்கிய நிறுவனமும் கர்ட்டிஸ் பெயரில் இயங்கிய நிறுவனமும் ஒன்றாக இணைந்தன. அதற்குக் கர்ட்டிஸ்-ரைட் என்று பெயர் சூட்டினார்கள். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு பெயர்கள் ஒரே பலகையில் அருகருகே எழுதப்பட்டன. அந்த நிறுவனம் இன்றும் இயங்கிவருகிறது.

1930ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ஆல்பனி பயணத்தின் 20ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, கர்ட்டிஸ் அதே வழியில் மீண்டும் பறந்தார். 1910இல் அவர் திறந்தவெளி இருக்கையில் தனியாக அமர்ந்து சென்றார். இம்முறை அவர் ஓட்டிச் சென்றது பயணிகள் பலரை ஏற்றக்கூடிய பெரிய விமானம். இருபதே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் அது. ஒரு விமானியாக அவர் மேற்கொண்ட கடைசிப் பயணமும் அதுவே.

சில வாரங்களில், ஹெரிங் தொடர்பான பழைய வழக்குக்காக நீதிமன்றம் சென்றிருந்தபோது அவருக்குக் கடுமையான வயிற்றுவலி ஏற்பட்டது. குடல்வால் அழற்சிக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. உடல் தேறிவந்த வேளையில், 1930ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், எதிர்பாராத வகையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 52. ஜூன் வண்டு பறந்த ஹேமண்ட்ஸ்போர்ட்டிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

வானில் பறக்க முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டிய பெருமை ரைட் சகோதரர்களைச் சேரும். அதனை யாராலும் மறுக்க முடியாது. அந்த ஆற்றலைப் பலர் கற்கவும் வாங்கவும் பயன்படுத்தவும் வழி செய்த பெருமை கர்ட்டிசைச் சேரும். கண்டுபிடிப்பவரும் வேண்டும், அதனைப் பலரிடம் கொண்டுசேர்ப்பவரும் வேண்டும். இவ்விருவகையினரும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற ஆண்டுகளில் இரு தரப்பினரும் தங்கள் நேரத்தையும் நிம்மதியையும் இழந்தார்கள். இணைந்தபின் விமானத் தொழில் தடையின்றி வளர்ந்தது. தக்காளி டின்னில் தொடங்கிய கர்ட்டிசின் வாழ்க்கை, முயற்சியின் உயர்வை மட்டுமன்றி இந்த உண்மையையும் நமக்கு உணர்த்துகிறது.